நான்காம் அத்தியாயம்: உள்ளூர்க் கடையில் கொள்முதல்

மாதச் செலவுக்குப் பட்டியல் எழுதும் முறையைச் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். அப்பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு எந்தக் கடை வாசலில் போய் நிற்பது என்பது இவ்வத்தியாயத்தின் விஷயம். இதற்கென்று ஓர் அத்தியாயமா என்று சிலருக்குத் தோன்றலாம். தேனி நகரத்தில் குளிர்சாதன வசதியுள்ள பெருங்கடைகள் வந்துவிட்டன. கைப்பேசியில் விரலை வைத்தால் பெங்களூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் பண்டங்கள் வீட்டு வாசலுக்கே வந்து சேருகின்றன. இத்தனை சௌகரியங்கள் இருக்க, சாக்குமூட்டையும் எண்ணெய் டின்னும் நெருங்கிக் கிடக்கும் தெருமுனை மளிகைக் கடையில் ஏன் வாங்கவேண்டும் என்று இளங்குடும்பஸ்தர் ஒருவர் கேட்பாரானால், அந்தக் கேள்வி நியாயமானதே. இரக்கத்தையோ பழமைப்பற்றையோ காரணமாகச் சொல்லி அவரை அழைக்க எனக்கு விருப்பமில்லை. இரக்கத்தால் வாங்குகிறவர் இரண்டு மாதத்தில் நின்றுவிடுவார். லாபத்தைக் கண்டவரே நிலைத்து வாங்குவார். ஆகவே லாபக் கணக்கையே பார்ப்போம்.

தேனியிலிருந்து குமுளிச் சாலையில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று போகிறவர் இருமருங்கிலும் காணும் பசுமைக்கு மூலகாரணம், அரபிக்கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பெரியாற்று நீரைத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பொறியாளர் பென்னிகுவிக்கின் அணை என்பதும், அது 1895-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது என்பதும், அந்நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளைகிறது என்பதும் இப்பக்கத்துப் பள்ளிச் சிறுவனும் அறிந்த செய்தி. அவ்வளவு பிரயாசையோடு வந்த நீரால் விளைந்த நெல்லையும் வாழையையும் திராட்சையையும் விற்றுக் கிடைத்த பணம், மாதத் தொடக்கத்தில் பள்ளத்தாக்குக்குள் வந்து, மாதக் கடைசிக்குள் எங்கோ உள்ள நகரத்துக் கணக்குகளுக்குப் போய்விடுமானால், தண்ணீரைத் தேக்கிவைக்கக் கற்ற ஊர் பணத்தை ஓடவிட்ட ஊராகிவிடும்.

பணம் எப்படித் தங்குகிறது, எப்படி ஓடுகிறது என்பதற்கு நல்லெண்ணெயை எடுத்துக்கொள்ளலாம். உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ உள்ள ஒரு செக்கில் நீங்கள் இரண்டு லிட்டர் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்குக்காரர் எள்ளை அக்கம்பக்கத்துச் சம்சாரியிடமோ கமிஷன் மண்டியிலோ வாங்கியிருப்பார்; ஆட்டும்போது சேர்க்கும் கருப்பட்டிக்கு ஒருவருக்குப் பணம் கொடுத்திருப்பார்; செக்கடியில் நிற்கும் ஆளுக்குக் கூலி கொடுப்பார்; எஞ்சிய பிண்ணாக்கை மாடு வைத்திருப்பவர் வாங்கிப்போவார்; அந்த மாட்டுப் பால் அந்தித் தேநீராகி, செக்குக்காரர் கைக்கே ஒரு கண்ணாடித் தம்ளரில் வந்து சேரும். இந்தச் சுற்றில் பத்து மைலுக்கு அப்பால் உள்ளவர் எவரும் பெரும்பாலும் இல்லை. அதே இரண்டு லிட்டரை விளம்பரப் பெயருள்ள புட்டியாகப் பெருங்கடையில் வாங்கினால், நம் ஊரில் தங்குவது அங்கே நின்று எடுத்துக் கொடுக்கும் பெண்ணின் சம்பளமும் கட்டிட வாடகையும் மட்டுமே. மற்றது அன்று இரவே கம்பெனிக் கணக்குக்குப் போய்விடுகிறது.

இதைப் பிற நாட்டாரும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சிகாகோ நகரத்து ஆண்டர்சன்வில் என்ற பகுதியில் 2004-ஆம் ஆண்டில் நடந்த ஆய்வொன்று, உள்ளூர்க்காரர் நடத்தும் கடைகளில் செலவிடும் ஒவ்வொரு 100 டாலரிலும் 68 டாலர் அந்நகரத்துப் பொருளாதாரத்திலேயே தங்குகிறதென்றும், பல ஊர்களில் கிளை பரப்பிய கடைகளில் செலவிட்டால் 43 டாலரே தங்குகிறதென்றும் மதிப்பிட்டது. சிகாகோவின் கணக்கை அப்படியே கம்பத்துக்குப் பொருத்துவது விவேகமாகாது. வாடகையும் கூலியும் வரியும் அங்கே வேறு, இங்கே வேறு. ஆயினும் காரணம் இரண்டு இடத்துக்கும் பொதுவானது: உள்ளூர்க் கடைக்காரர் தம் லாபத்தைச் செலவிடும் இடமும் உள்ளூரே. அவர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சீலையம்பட்டியில் பூ வாங்குவார், உள்ளூர்த் தச்சரிடம் கட்டில் செய்வார், அவர் பெண் நம் பெண் படிக்கும் பள்ளியிலேயே படிக்கும்.

பள்ளி என்றதும் ஒரு பிரத்தியட்சமான அத்தாட்சியைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. நம் பக்கத்து வியாபாரிகளிடம் மகமை என்றொரு பழைய சம்பிரதாயம் உண்டு. ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்துப் பொதுநிதியில் சேர்ப்பதே மகமை. தென் மாவட்டங்களில் நாடார் உறவின்முறைகள் இந்த மகமையைக் கொண்டு சந்தைப்பேட்டையும் பள்ளிக்கூடமும் ஏற்படுத்திய வரலாறு பிரசித்தமானது. தேனியில் மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறை நடத்தும் நாடார் சரசுவதிப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் எல்லாச் சாதி வீட்டுப் பிள்ளைகளும் படித்து வெளியேறுகிறார்கள். உத்தமபாளையத்தில் 1956-ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி உள்ளூர்ச் செல்வர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. போடியில் ஏலத்தோட்ட விவசாயிகள் சங்கத்தின் பெயரிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது. பருப்பிலும் ஏலக்காயிலும் கிடைத்த லாபம் வகுப்பறையாக மாறியதை இவற்றில் காண்கிறோம். கணினித் திரையில் நாம் அழுத்தும் பொத்தானிலிருந்து இவ்வூரில் ஒரு கரும்பலகையாவது முளைத்ததாக நான் அறியேன்.

இது ஊருக்கான லாபம். குடும்பத்துக்கு நேரடியாக என்ன லாபம்?

சின்னமனூரில் ஒரு மளிகைக் கடை வாசலில் அந்திநேரத்தில் சற்று நின்று பார்த்தால் இக்கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். பட்டியலோடு வந்த ஓர் அம்மாள், “அண்ணாச்சி, இந்தத் துவரம்பருப்பு நல்லா வேகுமா?” என்று கேட்கிறாள். கடைக்காரர் மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, வெளிச்சத்தில் காட்டி, “இது வேணாம்மா, இந்த மூட்டை கொஞ்சம் முரடா இருக்கு. நாளைக்கழிச்சு வேற லோடு வருது. இப்போதைக்குப் பாசிப்பருப்புல சமாளிச்சுக்க” என்கிறார். விற்கக்கூடிய பண்டத்தை வேண்டாமென்று சொல்லும் கடைக்காரர் தர்மவான் என்பது பொருளல்ல. வேகாத பருப்பை விற்றால் மறுநாள் காலை அந்த அம்மாள் அதே வாசலில் வந்து நிற்பாள் என்பதும், தெருவில் நாலு வீட்டுக்குச் செய்தி போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும். முகம் தெரிந்த வியாபாரத்தின் பாதுகாப்பு இதுதான். பெருங்கடையில் பருப்புப் பொட்டலம் தானாகப் பேசாது. அதை அடுக்கி வைத்த பிள்ளைக்கும் அதைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை.

அளவும் ஒரு பெரிய சலுகை. கசகசா இருபது ரூபாய்க்கு, பெருங்காயம் ஒரு சிறு கட்டி, விருந்தாளி வந்துவிட்டால் நெய் நூறு கிராம் என்று தேவைக்குத் தக்கபடி வாங்கலாம். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்னும் விளம்பரத்தில் மயங்கி, மூன்றாவது பொட்டலத்தை வண்டுக்குக் கொடுக்கும் வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், பெருங்கடையின் மலிவில் ஒரு பகுதி மறைந்துவிடும். அடுத்தது, பற்று வைத்து வாங்கும் வசதி. நெல் அறுப்புக்கும் அடுத்த நடவுக்கும் இடைப்பட்ட மாதங்களில், கையில் ரொக்கமில்லாத கூலிக் குடும்பமும் சிறு சம்சாரியும் வட்டியில்லாமல் அரிசியும் எண்ணெயும் வாங்கும் இடம் ஊர் மளிகைக் கடை ஒன்றே. கந்துவட்டிக்காரர் வாசலுக்குப் போகாமல் எத்தனை குடும்பங்களை ஒரு கோடுபோட்ட நோட்டுப்புத்தகம் காப்பாற்றியிருக்கிறது என்பதை எந்தப் புள்ளிவிவரமும் எழுதி வைக்கவில்லை. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, வெளியூர்ப் பார்சல்கள் வழியில் நின்றுவிட்ட வாரங்களில், போனில் பட்டியலைக் கேட்டுச் சாமானைத் தெருக்கோடியில் வைத்துவிட்டுப் போனவர்கள் யாரென்பது வாசகருக்கு நினைவிருக்கும்.

இனி, இப்பள்ளத்தாக்கில் உள்ளூரில் வாங்கினால் விசேஷ லாபம் தரும் பண்டங்களையும், அவற்றைப் பார்த்து வாங்கும் விதத்தையும் சொல்லுகிறேன்.

எண்ணெயில் தொடங்குவோம். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எள் வேண்டும். அன்றைய எள் விலையை இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள், பிண்ணாக்கு விற்ற வரவைச் சற்றுக் கழித்துக்கொள்ளுங்கள், ஆட்டுக்கூலியைச் சேருங்கள். இந்தத் தொகைக்கு மிகவும் கீழே எவர் எண்ணெய் விற்றாலும், அது செக்கென்று பலகை மாட்டிய கடையானாலும், அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறதென்று சந்தேகிக்க இடமுண்டு. முடிந்தவர்கள் எள்ளையோ கடலையையோ தாமே வாங்கிக் காயவைத்துக் கொண்டுபோய், எதிரில் நின்று ஆட்டி வாங்கிவரலாம். பெரும்பாலான செக்குகளில் இதற்கு மறுப்பில்லை.

ஏலக்காய்க்குப் போடிநாயக்கனூரே தலைவாசல். காய் விளைவது பெரும்பாலும் இடுக்கி மலைகளிலாயினும், நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் நடக்கும் இரண்டு ஊர்கள் கேரளத்துப் புத்தடியும் நம் போடியுமே. மலையிலிருந்து இறங்கிய காயைச் சல்லடையில் அளவுவாரியாகச் சலித்து, நிறம் பார்த்துப் பெண்கள் கையால் பிரித்து வைக்கும் கிட்டங்கிகள் அங்கே தெருத்தெருவாக உள்ளன. சில்லறையாக வாங்குகிறவர் எட்டு மில்லிமீட்டர் பெருங்காயைக் கண்டு ஆசைப்பட வேண்டியதில்லை. அது தாம்பூலத் தட்டுக்கும் வெளிநாட்டு அன்பளிப்புக்கும் அழகு. பாயசத்துக்கும் தேநீருக்கும் வாய் பிளந்த காயும் சிறு காயும் போதும். மணம் விதையில் இருக்கிறதே தவிரத் தோலில் இல்லை. ஒரு காயை உரித்துப் பாருங்கள்: விதை கறுத்துப் பிசுபிசுப்பாக இருந்தால் புதிது, பழுப்பேறி உலர்ந்து உதிர்ந்தால் பழையது. பச்சை நிறம் கண்ணைப் பறித்தால் ஈர வெள்ளைத் துணியில் வைத்துத் தேய்க்கவேண்டும். துணியில் பச்சை ஒட்டினால் அது சாயம். இவ்வளவையும் கடைக்காரர் எதிரிலேயே செய்யலாம். போடியில் எவரும் கோபித்துக்கொள்வதில்லை, வாங்கத் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று நல்ல டப்பாவை உள்ளேயிருந்து எடுத்து வைப்பார்கள். ஏலவிலை ஏறுவதும் இறங்குவதும் மிகுதி. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய் அது. விலை இறங்கும்போது போடிக் கடையில் அந்த வாரமே இறங்கும். அச்சிட்ட விலையுள்ள பொட்டலத்தில் இறங்க மாதங்கள் ஆகும்.

கம்பம் பன்னீர் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கவாத்துச் செய்து நான்கு மாதத்தில் அறுப்புக்கு வந்துவிடுவதாலும், ஒரு தோட்டத்துக்குப் பின் ஒரு தோட்டமாகக் கவாத்து நடப்பதாலும், ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பந்தலில் பழம் கறுத்துக்கொண்டேயிருக்கும். மெல்லிய தோலுள்ள பழம், நெடும்பயணம் தாங்காது. ஆகையால் இதைத் தொலைவிலிருந்து தருவித்துத் தின்பதில் அர்த்தமில்லை; சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கம் தோட்டத்து வாசலிலோ சாலையோரக் கடையிலோ காலை வேளையில் வாங்குவதே முறை. குலையைக் காம்பைப் பிடித்து மெல்ல அசைத்தால் பழம் உதிரக்கூடாது. பழத்தின்மேல் படிந்த வெண்பொடியைப் பூச்சிமருந்தென்று எண்ணிப் பலர் ஒதுக்குகிறார்கள். அது திராட்சைக்கு இயற்கையாக உண்டாகும் மெழுகு, பழம் கைபடாமல் வந்ததற்கு அடையாளம். மருந்து அடிக்கும் வழக்கமும் உண்டாகையால் உப்பு நீரில் அலசித்தான் உண்ணவேண்டும்.

காய்கறிக்கு உழவர் சந்தையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். 1999-ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய இத்திட்டம் தேனிக்கும் கம்பத்துக்கும் வந்து, அடையாள அட்டை பெற்ற விவசாயி தரகு கொடாமல் தாமே விற்கும் இடமாக இருந்துவருகிறது. அங்கே காலையில் எழுதும் விலைப்பலகையைப் பார்த்துவிட்டால், மற்றக் கடையில் கேட்கும் விலை நியாயமா என்று தெரிந்துவிடும். சேலைக்கு ஆண்டிபட்டிப் பக்கத்துச் சக்கம்பட்டியும் டி. சுப்புலாபுரமும் உண்டு, கைத்தறியா விசைத்தறியா என்று கேட்டு, கைத்தறி என்றால் முத்திரையைக் காட்டச் சொல்லி வாங்குங்கள். இரண்டும் நல்ல துணிகளே, ஆனால் விலை வேறு.

இவ்வளவு சொன்னதால் எல்லாவற்றையும் தெருமுனையிலேயே வாங்கவேண்டுமென்று நான் விதி செய்வதாக எண்ணவேண்டாம். சோப்பு, பற்பசை, சலவைத்தூள் முதலிய கம்பெனிச் சரக்குகள் எங்கு வாங்கினாலும் ஒரே சரக்கு; பெருங்கடையில் பத்து ரூபாய் குறைகிறதென்றால் அங்கேயே வாங்குங்கள். நீண்டகாலப் பொறுப்புச் சீட்டுள்ள மின்சாதனங்களை, பழுதுபார்க்கும் நிலையம் எங்கிருக்கிறதென்று விசாரித்த பின்பே வாங்கவேண்டும். அது தேனியில் உள்ளூர்க் கடைக்காரரிடமே இருந்துவிட்டால் விலை சற்று அதிகமானாலும் நஷ்டமில்லை, ஏனெனில் ஒருமுறை பழுதானால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போய்வரும் செலவு அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். மருந்துகளில் விலைச்சலுகையைவிட, மருந்தாளுநர் இருக்கிறாரா என்பதே முக்கியம். உள்ளூர்க் கடைகளிலும் குற்றமுண்டு: முத்திரையில்லாத தராசு, பெயரில்லாத மிளகாய்த்தூள், பழைய மாவைப் புதிதென்று விற்பது. தராசில் தொழிலாளர் துறை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிலோ அச்சுப்பொட்டலம் ஒன்றைத் தராசில் வைத்துக் காட்டச் சொன்னாலும் உண்மை விளங்கிவிடும். ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சரக்குக் கடைகளுக்கு ஜிஎஸ்டி பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. ஆகவே ஜிஎஸ்டி எண்ணில்லாத சீட்டைக் கண்டு ஏமாற்றென்று கருதவேண்டாம். ஆனால் பண்டம், எடை, விலை எழுதிய துண்டுச் சீட்டையாவது கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக வாங்குவோர் தரப்பு. 1916 பிப்ரவரியில் சென்னையில் பாதிரிமார் மாநாட்டில் சுதேசியத்தைப் பற்றிப் பேசிய காந்தியடிகள், அண்டையிலுள்ளவர் செய்யும் பண்டத்தையே உபயோகிக்கவேண்டும் என்றதோடு நிற்கவில்லை. அதில் குறையிருந்தால் திருத்திச் செம்மைப்படுத்துவதும் நம் கடமை என்றார். முதற்பாதியை மேடைகளில் கேட்கிறோம், பின்பாதியை மறந்துவிட்டோம். அவர் 1934-இல் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவரும், நமக்கு அண்டையிலுள்ள டி. கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்தவருமான ஜே. சி. குமரப்பா, ஒரு பண்டம் உண்டான விதத்துக்கு அதை வாங்குகிறவரும் பொறுப்பாளி என்னும் கருத்தை விடாமல் வற்புறுத்தினார். ஆகவே அரிசியில் கல் இருந்தால் மௌனமாக அடுத்த கடைக்குப் போய்விடாதீர்கள், கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒருமுறை சொல்லியும் திருந்தாத கடையை விட்டுவிடுங்கள். இன்ன அரிசி, இன்ன தூள் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நாலு வீட்டார் கேட்டால் அடுத்த லோடில் வரவழைக்கத்தான் செய்வார்.

இவற்றிலெல்லாம் பெரிய கடமை பாக்கியைக் கொடுப்பது. ரொக்கமிருக்கும்போது பெருங்கடைக்கும், கை வறண்டபோது ஊர்க் கடைக்கும் போவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கத்தாலேயே ஒரு கடை மூடிவிட்டால், அடுத்த நெருக்கடியில் பற்று எழுத நோட்டும் இராது, எழுதுகிற கையும் இராது. கடைக்காரர் மண்டிக்குப் பணம் கட்டவேண்டிய தவணை அவருக்கும் உண்டு. உங்கள் பட்டியலில் பாதியையாவது, கையில் ரொக்கமிருக்கும் வாரத்திலும், அவரிடமே வாங்குங்கள். பற்று வைத்திருப்பவர்கள் சம்பளமோ விளைச்சல் பணமோ கைக்கு வந்த வாரத்திலேயே நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டலைச் சரிபார்த்து, கணக்கைத் தீர்த்து, தீர்த்த தேதியை இருவர் நோட்டிலும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.